ஒளி யாரைச் சேர வேண்டும்?

திருநாவுக்கரசு சுவாமிகள் உழவாரப்படையைக் கையில் ஏந்தித் திருக்கோயில் வீதிகளிலே புல் செதுக்கினார் என்பதை நம் பிள்ளைகள் அறநெறிப் பாடசாலையிற் படிக்கின்றார்கள். தொண்டு என்ற சொல்லுக்குச் சைவ சமயம் காட்டும் உருவம் அதுவேயாகும். அப்பர் பெருமான் தாம் செதுக்கிய வீதிக்குத் தமது பெயரை இடவில்லை. அவ்வீதியால் தமக்கு என்ன வரும் என்று எண்ணவுமில்லை. பயன் கருதாப் பணி என்று கீதை உபதேசிப்பதும், தொண்டர்தம் பெருமை என்று சேக்கிழார் சுவாமிகள் ஒரு புராணம் முழுவதும் விரித்துரைத்ததும் இதனையே.

ஆயினும் இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுகின்றது. பணி செய்பவன் தனக்கு வரும் பலனை நோக்கலாகாது என்பது சரி. அந்தப் பலன் எவரைச் சேர்கின்றது, எவரைச் சேராமற் போகின்றது என்பதையும் அவன் நோக்க வேண்டியதில்லையா? செதுக்கிய வீதி எல்லாருடைய காலுக்கும் பொதுவானது. விளக்கு அப்படியன்று. அது வைத்த இடத்துக்கு வெளிச்சமும், மறைந்த இடத்துக்கு நிழலும் தருவது. இந்தக் கேள்வியைச் சிந்திப்பதற்கு நமது மலைகளிலேயே ஒரு பெரியவருடைய வாழ்க்கை இருக்கின்றது. அவர் நமது சமயத்தவரல்லர், நமது மொழியினருமல்லர். எனினும் இம்மாகாணத்தில் எரியும் ஒவ்வொரு மின்விளக்கும் ஏதோ ஒரு வகையில் அவரை நினைவூட்டுகின்றது.

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜெனரேட்டர் இருந்தவர்களுக்கும் டீசல் இருக்கவில்லை. மாலைப் பூசைக்குக் கோயில்களிற் குத்துவிளக்கும் தூண்டாமணி விளக்குமே துணை நின்றன. மூலஸ்தானத்துக்கு அது குறையன்று. இன்னும் சொல்லப்போனால் எண்ணெய் விளக்கொளியிற் சுவாமியைக் காண்பதில் ஒரு தனி அழகுண்டு. ஆனால் பூசை முடிந்து வயோதிபர்கள் படிக்கட்டில் இறங்கிய போதுதான் மின்சாரம் என்பது என்னவென்று விளங்கியது. அந்நாட்களில் வானொலிச் செய்தியிற் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் நீர்மட்டம் பேசப்பட்டபோது, பரீட்சைப் பெறுபேற்றைக் கேட்பது போலச் சனங்கள் காது கொடுத்தார்கள்.

அந்த மலைகளில் விழும் நீரிலே மின்சாரம் இருக்கின்றது என்று முதன்முதலிற் கணக்கிட்டு நிறுவியவர் தேவபுர ஜயசேன விமலசுரேந்திர அவர்கள். 1874ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆம் திகதி காலியிற் பிறந்தவர். கைவினைத் தேர்ச்சி பெற்ற குடும்பம். கொழும்பு ஆனந்தாக் கல்லூரியிலும் தொழில்நுட்பக் கல்லூரியிலும் பயின்று, 1896இல் பொதுவேலைத் திணைக்களத்திற் சேர்ந்தார். அக்காலத்தில் அத்திணைக்களத்தின் மேற்பதவிகளில் வெள்ளைக்காரரே இருந்தனர். இந்நாட்டவர் ஒருவர் பொறியியலாளராக உயர்வது இலேசான காரியமன்று.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசாங்கம் அவரைக் கெஹெல்கமுவ ஓயா, மஸ்கெலிய ஓயாப் பக்கங்களுக்கு அனுப்பியது. நோக்கம் அங்கே பொன் முதலிய உலோகம் உண்டா என்று பார்ப்பது. பொன் கிடைக்கவில்லை. அபர்டீன், லக்ஷபான ஆகிய இரு நீர்வீழ்ச்சிகளே அவர் கண்ணிற் பட்டன. தேடப்போனது கிடைக்கவில்லை என்று ஓர் அறிக்கை எழுதி, பயணப்படியைப் பெற்றுக்கொண்டு அடுத்த கோப்பை எடுத்திருந்தாலும் அவரை எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அரசாங்க உத்தியோகத்தில் அப்படிச் செய்வதே வழக்கம். அவரோ விழும் நீரின் அளவையும் விழும் உயரத்தையும் கணக்கிட்டார். எவ்வளவு நீர், எவ்வளவு உயரத்திலிருந்து விழுகின்றது என்ற இரண்டுந்தான் நீர்மின்சாரத்தின் அடிப்படை. குழாய் வழியே இறங்கும் நீர் சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் மின்பிறப்பாக்கியைச் சுழற்றுகின்றது. நீர் செலவாவதில்லை, கீழே இறங்கி மீண்டும் ஆறாகவே ஓடுகின்றது.

பெரிய திட்டத்துக்கு எவரும் செவி கொடுக்காத காலத்தில் அவர் சிறியதொன்றைச் செய்து காட்டினார். நுவரெலியாவுக்கும் நானுஓயாவுக்கும் இடையே பிளக்பூல் என்ற இடத்தில் 1912இல் ஒரு சிறு நீர்மின் நிலையம் அமைத்து, நுவரெலியா நகருக்கு மின்சாரம் கொடுத்தார். அவருடைய பெயரைச் சொல்பவர்கள் லக்ஷபானவைச் சொல்வார்கள், பிளக்பூலைச் சொல்வதில்லை. ஆனால் தொண்டு என்ற நோக்கிற் பார்த்தால் இதுவே கவனிக்கத்தக்கது. ஒரு சிறு பட்டினம், அதற்கு அருகே ஓர் ஓடை, அந்த ஓடைக்கு ஏற்ற ஓர் யந்திரம். நாட்டையே மாற்றும் யோசனை தலைக்குள் இருந்த மனிதர், ஒரு சிறு பட்டினத்தின் தெருவுக்கு விளக்குப் போடுவதைத் தமது தகுதிக்குக் குறைவானதாக எண்ணவில்லை.

அதேவேளை உண்மையையும் சொல்ல வேண்டும். அந்நாளைய நுவரெலியா வெள்ளைக்காரத் துரைமாரின் ஓய்வுத்தலம். பிளக்பூலின் ஒளி முதலிற் சென்றது பங்களாக்களுக்கும் ஹோட்டல்களுக்குமேயன்றி, நகரைச் சுற்றியிருந்த தோட்டங்களின் லயங்களுக்கன்று.

1918இல் அவர் இலங்கைப் பொறியியற் சங்கத்தில் இந்நாட்டு நீர்வலுவின் பொருளாதாரப் பயன்பாடு பற்றி ஒரு கட்டுரை சமர்ப்பித்தார். கப்பலில் நிலக்கரி இறக்கி எரிப்பதைவிட நமது மலைகளில் வீணாக விழும் நீரைக்கொண்டு கைத்தொழில்களையும் புகையிரதத்தையும் இயக்கலாம் என்பது அவர் கொள்கை. 1924இல் வேலை தொடங்கியது, 1927இல் நின்றது. 1930 அளவில் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று, 1931இல் இரத்தினபுரித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். கந்தோரில் அசையாத கோப்பைச் சபையிலாவது அசைக்கலாம் என்று எண்ணினார் போலும். ஈற்றில் லக்ஷபான நிலையம் 25 மெகாவாட் வலுவுடன் 1950இல் இயங்கத் தொடங்கியது. கட்டுரை சமர்ப்பித்து 32 ஆண்டுகள் சென்றுவிட்டன. ஒரு நல்ல யோசனை 32 ஆண்டு கோப்புக்குள் உறங்குவது அரசாங்கக் கந்தோர்களை அறிந்தவர்களுக்கு அதிசயமன்று. அதை விடாமல் 32 ஆண்டு விழித்திருந்த மனிதர்தான் அதிசயம். 1953ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் திகதி அவர் காலமானார். நோர்ட்டன்பிரிட்ஜில் 50 மெகாவாட் நிலையம் ஒன்றுக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது 1965இல்.

நமது கோயில்களில் உபயமாகக் கிடைக்கும் குழல்விளக்குகளைப் பார்த்தால், உபயகாரர் பெயரும் ஊரும் குடும்பத்தார் விபரமும் சிவப்பு மையில் எழுதப்பட்டு, வெளிச்சத்துக்கு விட்ட இடம் கொஞ்சமாகவே இருக்கும். இது கேலிக்காகச் சொன்னதன்று. கொடுத்தவருக்கு ஓர் ஆசை, அவ்வளவுதான். ஆனால் தமது பெயர் எழுதப்பட்ட விளக்கைக் காணாமலே போன ஒருவர் இந்நாட்டுக்கு ஒளி கொடுத்தார் என்பதையும் அருகே வைத்து நினைத்துப் பார்க்கலாம்.

இதுவரை சொன்னது பயன் கருதாமையின் சிறப்பு. இனி, முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம்.

தோட்டத் தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே நீர்ச்சக்கரங்கள் இருந்தன. ஓடை நீர் தொழிற்சாலையின் யந்திரத்தைச் சுழற்றியது. பிற்காலத்தில் அங்கே விளக்கும் எரிந்தது. துரை பங்களாவிலும் எரிந்தது. ஆனால் கொழுந்து பறித்து அத்தொழிற்சாலைக்குக் கொண்டு வந்தவர்களின் லயத்திற் குப்பி விளக்கே இருந்தது. அதன் புகையிலேதான் பிள்ளைகள் படித்தார்கள். லக்ஷபான திறக்கப்பட்ட பின்னரும் இந்நிலை உடனே மாறவில்லை. நிலையங்களுக்கு அருகிலேயே இருந்த தோட்டங்களின் தலைக்கு மேலாக உயர் அழுத்தக் கம்பிகள் கொழும்பை நோக்கிச் சென்றன. கம்பிக்குக் கீழே லயம் இருளில் இருந்தது. பல தோட்டங்களின் லயங்களுக்கு மின்சாரம் எட்டுவதற்கு மேலும் பல பத்தாண்டுகள் சென்றன. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்கள் அவர்கள். கேட்பதற்கு அவர்களுக்கு வாக்கும் இருக்கவில்லை.

பின்னர் வந்த திட்டங்களில் இன்னொரு விதமான நட்டமும் சேர்ந்தது. 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியாப் பட்டினம் நீரில் மூழ்கியது. கடைத்தெருவோடு கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் போயின. மேட்டில் புதிய பட்டினம் எழுந்தது. கண்டியிலுள்ளோர் இதற்கு மஸ்கெலியா வரை போக வேண்டியதில்லை. 1985இல் திறக்கப்பட்ட 210 மெகாவாட் விக்டோரியாத் திட்டத்துக்காகப் பழைய தெல்தெனியப் பட்டினம் மூழ்கியது. வரட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது அதன் சுவர்களும் அத்திவாரங்களும் தெரிவதைப் பார்க்க இன்றும் சனங்கள் போகின்றார்கள்.

இவற்றுக்கெல்லாம் விமலசுரேந்திர பொறுப்பாளியா என்று ஒருவர் கேட்கலாம். அவர் பொறியியலாளர், லயத்துக்குக் கம்பி இழுப்பதும் இழுக்காததும் அவர் கையில் இருக்கவில்லை, அணை கட்டப்பட்டபோது அவர் உயிரோடும் இல்லை என்று பதில் சொல்லலாம். அது நியாயமான பதில். அவர்மேற் பழி சுமத்துவது நன்றி மறப்பதாகும். ஆனால் அந்தப் பதிலோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. அவருக்கு முன்னும் பின்னும் இருந்த எல்லாரும் அதே பதிலைத்தான் சொன்னார்கள். அணை கட்டியவர் எனது வேலை அணை என்றார். கம்பி இழுத்தவர் எனது வேலை கம்பி என்றார். தோட்ட நிருவாகம் எனது வேலை தேயிலை என்றது. ஒவ்வொருவரும் தத்தம் கடமையைப் பிழையின்றிச் செய்தார்கள். குப்பி விளக்கு மாத்திரம் அப்படியே இருந்தது.

நமது கோயில் அன்னதானத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மடைப்பள்ளியிற் சமைப்பவர் உண்டு, இலை போடுபவர் உண்டு, பரிமாறுபவர் உண்டு. இவர்களைவிட, பழைய வழக்கப்படி, பந்தி விசாரிப்பவர் என்று ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசைகளுக்கிடையே நடந்து வருவார். அவர் கையில் வாளியும் இல்லை, கரண்டியும் இல்லை. கடைசி இலைக்குச் சோறு வந்ததா, கூச்சத்தாற் கேளாமல் இருக்கும் பிள்ளைக்குப் பாயசம் கிடைத்ததா என்று பார்ப்பதே அவர் பணி. வேலை செய்யாமல் உலாவுகின்றார் என்று இளைஞர் சிலர் அவரைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. அவர் இல்லாத பந்தியிலே, எல்லாருக்கும் போதுமான சோறு அண்டாவில் இருக்க, கடைசி வரிசை பசியோடு எழுந்து போகும். மலைநாட்டின் மின்சாரப் பந்தியில் நெடுங்காலம் விசாரிப்பவர் இருக்கவில்லை.

பலன் கருதாமை என்பது தன் இலையைப் பாராமல் இருப்பது. பிறர் இலையைப் பாராமல் இருப்பதன்று. கீதை உபதேசத்தை வைத்துக்கொண்டு ‘நான் செய்வதைச் செய்தேன், மற்றதை ஆண்டவன் பார்ப்பான்’ என்று கைகழுவுவோர் பலர். கோயில் நிருவாகத்திலும் இப்பேச்சு அடிக்கடி கேட்கும். ஆண்டவன் பார்ப்பான் என்பதில் ஐயமில்லை. ஆனால் பார்க்கும்படி நம்மிடம் ஒப்படைத்ததை ஆண்டவன் தலையிலேயே திருப்பி வைப்பது பக்தியாகுமா?

பொறியியல் படித்த ஒருவர் பந்தி விசாரிப்பவராகவும் இருக்க முடியும் என்பதற்கு, நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. சென்னைக்கு மேற்கே திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள குத்தம்பாக்கம் என்ற ஊரைச் சேர்ந்த இளங்கோ அவர்கள் இரசாயனப் பொறியியல் கற்று, நல்ல உத்தியோகத்தில் இருந்தவர். தாழ்த்தப்பட்ட சமூகத்திற் பிறந்தவர். உத்தியோகத்தை விட்டு ஊருக்குத் திரும்பி, 1996இல் அவ்வூர்ப் பஞ்சாயத்துத் தலைவராகத் தெரிவானார். குடிநீர், வடிகால், தெருவிளக்கு என்று எல்லாப் பஞ்சாயத்தும் செய்வதை அவரும் செய்தார். வீடு கட்ட வந்தபோதுதான் வேறுபட்டார். ஊரில் வீடில்லாதோருக்கு வீடு கட்டினால் வழக்கம்போலச் சேரி ஒரு புறமும் ஊர் மறு புறமுமாக அமைந்துவிடும். ஆகவே நடுச்சுவர் ஒன்றை இரு வீட்டுக்கும் பொதுவாக வைத்து, ஒரு பக்கம் தாழ்த்தப்பட்ட குடும்பம், மறு பக்கம் மற்றச் சாதிக் குடும்பம் என்று இரட்டை வீடுகளாகக் கட்டுவித்தார். இவ்விதம் நூறு குடும்பங்கள் குடியேறின. சுவர் கட்டுவது எப்படி என்பதைப் பொறியியல் சொல்லும். சுவருக்கு இரு பக்கமும் யார் இருக்க வேண்டும் என்பதைக் கேட்டதுதான் அவர் செய்த தொண்டு.

அப்படியானால் இளங்கோ உயர்ந்தவர், விமலசுரேந்திர குறைந்தவர் என்று கொள்ளலாமா? அதுவும் சரியன்று. முதலில் ஒருவர் நீரில் ஒளி இருக்கின்றதென்று காணாவிட்டால், அதைப் பங்கிடுவது பற்றிப் பேச இடமேயில்லை. வெறும் அண்டாவை வைத்துக்கொண்டு பந்தி விசாரிக்க முடியாது. இரண்டும் இரு வேறு பணிகள். ஒன்று செய்து முடிந்ததும் மற்றது தானே நடக்கும் என்று எண்ணுவதிலேதான் பிழை நேர்கின்றது.

பிளக்பூலில் அவர் செய்து காட்டிய சிறுமுறை வீணாகவுமில்லை. பிரதான மின்கம்பி எட்டாத மலைக்கிராமங்கள் பலவற்றில் 1990களிலும் 2000களிலும் ஊரார் சங்கம் அமைத்து, சிரமதானமாக வாய்க்கால் வெட்டி, ஓடை நீரிற் சிறு நிலையங்கள் நிறுவிக்கொண்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை விளக்கு என்று சங்கக் கூட்டத்திலேயே தீர்மானித்தார்கள். கூட்டத்துக்கு வந்த எல்லா வீட்டாரும் ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பேசியபடியால், ஒரு வீட்டை விட்டுவிட்டு மறு வீட்டுக்குக் கம்பி இழுப்பது அங்கே இலகுவாக இருக்கவில்லை. பெருந்திட்டத்திற் காணாமற்போன கடைசி இலை, சிறு திட்டத்திற் கண்ணெதிரே இருந்தது. பின்பு பிரதான கம்பி வந்ததும் இவற்றுட் பல கைவிடப்பட்டன.

இன்று லயங்களிலும் மின்சாரம் உண்டு. அது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் வீட்டுக்குள் வந்த வெளிச்சம் வீதிக்கு வந்துவிட்டதாகக் கொள்ளக்கூடாது. மேற்கணக்கிலிருந்து கோயிலுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் விளக்கில்லாத ஊர்கள் இன்னுமிருக்கின்றன. திருவிழாவுக்குப் பத்து நாள் கோபுரத்தைச் சுற்றி அலங்கார மின்குமிழ்கள் கட்டுவதற்கு உபயகாரர் போட்டியிட்டு வருகின்றார்கள். அந்தப் பாதையில் வருடம் முழுவதும் எரிவதற்கு நாலு விளக்குக் கேட்டால் யோசிக்கின்றார்கள். அங்கே பெயர் எழுதினாலும் பார்க்க ஆள் குறைவு என்பது காரணமாயிருக்கலாம். மழை இரவில் அட்டைக் கடியோடு பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து இறங்கி வரும் கிழவி பார்ப்பாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகின்றவர்கள் ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாக மஸ்கெலியா சென்று நல்லதண்ணியை அடைவார்கள். யாத்திரைக் காலத்து இரவில், மலையடிவாரத்திலிருந்து உச்சி வரை படிவழியெங்கும் மின்விளக்குகள் மாலை போட்டாற்போல எரிவதைத் தூரத்திலிருந்தே காணலாம். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அந்த வெளிச்சத்திற் படியேறுகின்றார்கள். பொழுது புலர்ந்து உச்சியிலிருந்து கீழே நோக்கினால் மவுசாக்கலை நீர் வெள்ளித் தகடு போலத் தெரியும். நீர் குறைந்த வருடங்களில் திரும்பி வரும் வழியில் வாகனத்தை நிறுத்தி, சேற்றுக்கு நடுவே தலைகாட்டும் பழைய கோயிலின் திசையை நோக்கிக் கைகூப்பிவிட்டுப் போவோரும் உளர்.